காற்றை எடை போட்ட அக்கா

ஆர்டர் வந்தால் பயப்படுகிற ஒருவரை என் வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஆன்லைனில் சரக்கு விற்கிறவர்களின் போனில், ஒரு ஆர்டர் விழுந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வர வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லாரும் கோவில் கோவிலாக வேண்டிக்கொள்வது. அந்த அக்கா மட்டும் டிங் கேட்டதும் வலது கையை நெஞ்சுக்குழியில் வைத்துக்கொள்வார். ஒரு விநாடி கண்ணை மூடுவார். பிறகு கையிலிருந்த வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"ஏனுங்க்கா, ஆர்டர் வந்தாச் சிரிக்கோணும். நீங்க என்னமோ எழவுச் சேதி வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"சிரிக்கலாமுங்க தம்பி. பொருளு போய்ச் சேரட்டும், பணம் பேங்குல உழுகட்டும், திருப்பி அனுப்பற நாளுந் தாண்டட்டும். அப்பறம் சிரிக்கறனுங்க" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் வேலை பார்த்த இரண்டரை வருடத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு ஆர்டரின் திருப்பி அனுப்பும் நாள் தாண்டுவதற்குள் இன்னும் நூறு ஆர்டர் வந்திருக்கும். சிரிக்க அவருக்கு நாள் எங்கே கிடைக்கும்.

நல்லூரில் என் யூனிட். மேலே வீடு, கீழே ஆறு மிஷின். ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை குறைந்து, ஒருநாள் இரண்டு மிஷின், இன்னொரு நாள் மூன்று மிஷின் என்று சும்மா கிடந்தபோது, குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து ஆன்லைனில் விற்கத் தொடங்கினேன். பேக்கிங்குக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தவர்தான் அக்கா. பக்கத்துத் தெரு, ராவுத்தர் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வருகிற ஒவ்வொரு துணியையும் திருப்பித் திருப்பி, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தேடித் தேடியே பழகிய கண். நல்லதாக இருக்கிற ஒன்றைப் பார்த்தாலும் அந்தக் கண் ஓட்டையைத்தான் தேடும்.

வந்த மூன்றாவது வாரம் என் லாபக் கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். என் கணக்கு சுலபமானது. விற்ற விலையில் துணி விலை, தையற்கூலி, ஆன்லைன் தளத்துக்காரன் எடுக்கிற கமிஷன், கூரியர் செலவு இவற்றைக் கழித்தால் மிச்சம் லாபம். அக்கா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"கமிஷன் மேல ஒரு ஜிஎஸ்டி போடறாங்க, அதக் கழிச்சீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"பத்து அனுப்புனா ரெண்டு திரும்பி வருதுங்க. அந்த ரெண்டு போன கூலியும் வந்த கூலியும் நிக்கற எட்டுத் தலைலதான உழுகோணும்?"

மூன்று மாதமாக ஒரு உடுப்புக்கு நாற்பது ரூபாய் லாபம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, அவர் கணக்கில் பதினொரு ரூபாயாகச் சுருங்கியது. அன்றிலிருந்து கணக்கு அவர் கைக்குப் போனது. தளத்துக்காரன் அனுப்புகிற விதிமுறைகள், விலைமாற்ற அறிவிப்புகள், பணப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர் ஒருவர்தான். நான் கடைசியில் இருக்கிற தொகையை மட்டும் பார்ப்பேன்.

கணக்கை நோட்டில் எழுத மாட்டார். பேக்கிங் மேசையில் கிடக்கிற அட்டையில்தான் எழுதுவார். நல்ல நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அப்படியே வைத்திருந்து தீபாவளிக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"நோட்டுல எழுதுனா பயமா இருக்குதுங்க தம்பி. நெலச்சுப் போயிருது. அட்டைன்னா, கிழிச்சுப் போட்டுரலாம்" என்றார்.

காற்றின் மேல் அவருக்கு இருந்த பகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டதும் அதைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியே தள்ளுவார். போதாது என்று பட்டால் அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே டேப் ஒட்டுவார். இது பழகிப் பழகி, காற்று இருக்கிற எதைப் பார்த்தாலும் அவர் கை சும்மா இருக்காது. பிரெட் பாக்கெட்டை அமுக்குவார். மடக்கிய குடையை அமுக்குவார். பெருநாளன்று பிரியாணி சாப்பிட அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரியில் விருந்தாளிகளுக்கான தலையணைகளை நாடா போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அவர் மகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அந்தப் பகைக்குக் காரணம் உண்டு. கூரியர்காரன் பொட்டலத்தைத் தராசில் மட்டும் வைப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஐயாயிரத்தால் வகுப்பான். வருவதைக் கிலோ என்று வைத்துக்கொள்வான். தராசு எடை, இந்த அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி. பஞ்சு மாதிரி லேசான பொருளானாலும் பெரிய பெட்டியில் போனால் பெரிய கூலி. "உள்ள இருக்கற காத்துக்கும் நாமதானுங்க தம்பி கூலி குடுக்கறோம்" என்பார் அக்கா.

எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் ஊர்க்காரன் யாருக்கும் சட்டென்று ஏறாது. இங்கே நூல் கிலோவில் வருகிறது. துணி கிலோவில் வருகிறது. வெட்டி எறிகிற கழிவுத்துணி கூடக் கிலோவில்தான் போகிறது. ஒரு துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லிவிடுகிறவர்கள் நாங்கள். எடை என்றால் தராசு. தராசுக்கு அப்பால் இன்னொரு எடை இருக்கிறது என்பதை என் மூளை ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருடப் பண்டிகை விற்பனைக்குப் புதிதாக ஒன்று செய்தேன். பிறந்த குழந்தைக்கு ஐந்து உருப்படி கொண்ட ஒரு செட். அதை ஒரு மூடி வைத்த அட்டைப்பெட்டியில், மெல்லிய தாள் சுற்றி, பரிசுப்பெட்டி மாதிரி அடுக்கினேன். போட்டோவில் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. விலை ஐந்நூற்று நாற்பத்தொன்பது. தராசில் வைத்தால் ஐந்நூறு கிராமுக்குள் அடங்கியது. அரைக்கிலோ கூலி போட்டு, எல்லாம் கழித்து, பெட்டிக்கு ஐம்பத்தேழு ரூபாய் நிற்கும் என்று கணக்கு வந்தது. அதுவரை நான் கண்ட லாபத்தில் அதுதான் பெரியது. ஆறு மிஷினையும் காட்டி வங்கியில் கடன் எடுத்தேன். துணி வாங்கினேன். ஆயிரத்து இருநூறு செட் தைத்தோம். இது படுத்தால் மிஷின் போகும். மிஷின் போனால் நாலு டெய்லர்கள், பேக்கிங்கில் இருந்த பீகார்க்காரர் முகேஷ், அக்கா, நான் எல்லாரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்ததால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைத்தேன்.

அக்கா இஞ்ச் டேப்பைப் பெட்டியின் மேல் வைத்தார். முப்பது, இருபத்து நாலு, பன்னிரண்டு சென்டிமீட்டர்.

"தம்பி, இது ஒண்ணே முக்கால் கிலோ வருதுங்க. ரெண்டு கிலோவுக்குக் கூலி போடுவாங்க."

"தராசு நானூத்தித் தொண்ணூறு காட்டுது, நீங்க ரெண்டு கிலோங்கறீங்க."

"காத்துங்க தம்பி."

முதலில் இருபது பெட்டி அனுப்பிப் பார்த்தோம். இருபதுக்கும் அரைக்கிலோ கூலிதான் பிடித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பட்டியலை அவர் முகத்துக்கு நேரே காட்டி, "எங்கீங்க உங்க காத்து?" என்று கேட்டேன்.

"இன்னும் அளக்கலீங்க. மொதல்ல நாம சொன்னத நம்பிக்குவாங்க. அளந்து பாத்துட்டுப் பின்னால புடிப்பாங்க. அளக்காம இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்குதுங்க."

அடுத்த பத்து நாளும் அவர் இதையே சொன்னார். டீ குடிக்கும்போது சொன்னார். பெட்டியை மடிக்கும்போது சொன்னார். டெய்லர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லச் சொல்ல எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பயந்தவன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நல்ல காரியத்துக்கு முன்னால எப்பப் பாத்தாலும் அபசகுனமாப் பேசிட்டு இருக்கீங்க. இந்த சேல் முடியற வரைக்கும் எடைன்னு, காத்துன்னு எங்கிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுனா அடுத்த நாள்ல இருந்து வர வேண்டாம்."

மிஷின்கள் நின்றன. அக்காவின் காதுமடல் சிவந்தது.

"சரிங்க" என்றார்.

விற்பனை வெள்ளிக்கிழமை காலை தொடங்கியது. ஆறு மணியிலிருந்தே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டிங், டிங், டிங். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது. அரைக்கிலோ மைசூர்பா வாங்கி வந்து நானே எல்லாருக்கும் கொடுத்தேன். அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில், மடிக்காத பெட்டி அட்டை ஒன்றை மார்போடு பிடித்திருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது. நான் அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்து, "எடுத்துக்கங்க்கா" என்று இனிப்பை நீட்டினேன். எடுத்துக்கொண்டார். தின்னவில்லை. ஒரு காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, பேக்கிங் மேசைக்குத் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் வண்டியேறின. மூன்று நாளும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு டிங்குக்கும் கை நெஞ்சுக்குப் போனது. கடைசியில் அந்தக் கையை எடுக்கவே நேரமில்லாமல், ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே மறு கையால் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை நான் போனில் கடைசித் தொகையைப் பார்த்தேன். அதற்கு முன்னால் கழித்தல் குறி இருந்தது. முதலில் செயலியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தேன். எடை வித்தியாசம், எடை வித்தியாசம், எடை வித்தியாசம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. வரிக்கு நூற்று ஐம்பத்தொன்பது ரூபாய். ஐம்பத்தேழு லாபம் போய், பெட்டிக்கு நூற்று இரண்டு ரூபாய் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. விரலால் தள்ளத் தள்ள அந்த வரிகள் முடியவே இல்லை.

டிங் என்றது போன்.

நூற்று இரண்டு ரூபாய். டிங். இன்னொரு நூற்று இரண்டு. விற்பனை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை விலையை மாற்ற முடியாது. வந்த ஆர்டரை நாமாக ரத்து செய்தால் அபராதம், அதிகமாக ரத்து செய்தால் கடையையே பூட்டிவிடுவார்கள். போனை அணைத்து வைக்கலாம். அணைத்தாலும் ஆர்டர் வந்துகொண்டுதான் இருக்கும், சத்தம் மட்டும்தான் இருக்காது. துணி ரோலின் மேல் உட்கார்ந்தேன். ஆறு மிஷினையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வங்கிக்காரர்கள் வந்தால் எதை முதலில் தூக்குவார்கள் என்று நினைத்தேன். நான் வாழ்க்கையில் பயந்த நாட்கள் சில உண்டு. அப்படி ஒரு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அக்கா எதிரில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் கை இல்லை. அவர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

"தம்பி, இப்பப் பேசலாங்களா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஆள் வேறு. ஒரு டிங்குக்கே பயப்படுகிறவர், அடுத்த பத்து நிமிடம் நிறுத்தாமல் அட்டையில் எழுதினார். அனுப்ப வேண்டியதும் இனி வரப்போவதுமாகச் சுமார் எழுநூறு. அப்படியே பெட்டியில் போனால், போனதும் போவதுமாகச் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். திரும்பி வருகிறவற்றின் கூலி தனி.

"அரைக்கிலோவுல நிறுத்தோணும்னா மூணு அளவையும் பெருக்குனா ரெண்டாயிரத்தி ஐந்நூறு தாண்டக்கூடாதுங்க" என்றார். "பொட்டிய மடிக்காமத் தட்டையா வெச்சா முப்பதுக்கு முப்பத்தாறு. மேல துணிய அமுக்கி வெச்சு, மொத்த உசரம் ரெண்டே கால் சென்டிமீட்டர். அதுக்கு மேல ஒரு நூலு போகக்கூடாது."

"பெட்டின்னு போட்டோ போட்டு வித்துட்டு, பெட்டியில்லாம அனுப்புனாத் திருப்பி அனுப்பீருவாங்க அக்கா."

"பொட்டி உள்ளதானுங்க இருக்குது. அவங்களே மடிச்சுக்கட்டும். பொட்டிக்காரரு நமக்கும் தட்டையாத்தான அனுப்பறாரு?"

எங்களுக்குப் பெட்டி தட்டையாகக் கட்டுக்கட்டாகத்தான் வந்தது. அதை மடித்து, உள்ளே காற்றைப் போட்டு, காற்றுக்குக் கூலி கட்டியது நாங்கள்தான். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லை.

சுற்றியிருந்த மெல்லிய தாளை எடுத்து எறிந்தோம், எடை குறைய. பெட்டியை எப்படி மடிப்பது என்று படம் போட்டு, முகேஷ் இந்தியில் சொல்லச் சொல்ல, ஒரு சீட்டு அச்சடித்தோம். அக்கா ஒரு அட்டையில் சரியாக இரண்டே கால் சென்டிமீட்டருக்கு ஒரு நீளப் பிளவு வெட்டினார். ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தப் பிளவு வழியாக வழுக்கி விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடி அமுக்க வேண்டும். முதல் பாக்கெட் விழவில்லை. இரண்டாவது விழவில்லை. மூன்றாவதின் மேல் அக்கா உட்கார்ந்து எழுந்து, பிளவில் விட்டார். பாதி வரை போய் நின்றது. நகத்தால் ஓரத்தைத் தட்டினார். விழுந்தது.

பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம். டெய்லர்களின் ஸ்டூலில் ஆளுக்குப் பத்துப் பாக்கெட்டை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன் மேல் உட்கார்ந்து அவர்கள் தைத்தார்கள். மிஷினுக்கு மேலே எழும்பி, கூன் போட்டுக்கொண்டு தைத்தார்கள். என் மனைவி மேலேயிருந்து இறங்கி வந்து ஒரு அடுக்கில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். முகேஷ் "அச்சா வஜன் ஹை பாபி", நல்ல எடைதான் அண்ணி, என்று அவளைக் கேலி செய்தார். நானும் ஒரு அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். சிரித்திருக்க வேண்டிய காட்சி. எனக்கு அழுகைதான் வந்தது. டிங் என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தேன்.

இது பலிக்குமா என்று தெரிய அடுத்த பட்டியல் வரை நாலு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியல் வந்தபோது நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"அரைக்கிலோதானுங்க தம்பி" என்றார்.

"எல்லாமா?"

"நாலு மட்டும் ஒரு கிலோ போட்டிருக்கறாங்க. அது நான் சரியா உக்காரலீங்க போல."

மிஷின்கள் தப்பின. முதலில் போன நானூற்றுப் பன்னிரண்டின் நஷ்டத்துக்கு என் பைக்கை விற்றேன். அதோடு போயிற்று. அக்காவுக்குச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே மற்ற யூனிட்காரர்களிடம் பேசும்போது, தட்டையாக அனுப்புகிற யோசனை எனக்கு வந்த மாதிரியே சொல்லிக்கொண்டேன். அக்கா பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை சொன்னேன். அவர் பாட்டுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கியபோது அவரிடம் ஒரு புதுப் பழக்கத்தைப் பார்த்தேன். திரும்பி வருகிற சரக்கை அதுவரை முகேஷ்தான் பிரிப்பார். இப்போது அக்கா விடவில்லை. "நான் பிரிக்கறனுங்க" என்று வாங்கிக்கொள்வார். துணியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, முதலில் பெட்டியின் மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார். பிறகுதான் துணியைப் பார்ப்பார். ஒருநாள் அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் முகேஷ் மூன்று பெட்டிகளைப் பிரித்துவிட்டார். திரும்பி வந்த அக்கா குப்பைக்குள் கையை விட்டு அந்த மூன்று மூடிகளையும் தேடி எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. செக்கிங் புத்தி போகவில்லை, அட்டையில் கூடக் கிழிசல் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வர வேண்டியவை எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. வடக்கே எங்கேயோ ஓர் ஊரிலிருந்து 'திரும்பி வந்துகொண்டிருக்கிறது' என்று மட்டும் காட்டியது. வாரக்கணக்கில் அப்படியே காட்டியது.

"தொலஞ்சு போயிருக்கும். கணக்க முடிச்சிருங்க்கா" என்றேன்.

"அது வருமுங்க தம்பி" என்றார்.

அடுத்த வருடம் அவர் மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போனார்கள். கடைசி நாள் மேசையைத் துடைத்து, பென்சிலை அதன் மேல் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"அந்த ஒரு பொட்டி வந்தா ஒரு போன் போடுங்க. துணிய மட்டும் எடுத்துக்கிட்டுப் பொட்டியப் பழைய அட்டைல போட்டுருங்க. நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாமுங்க."

"சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

அவர் போய் நாலு மாதம் கழித்து ஒரு நண்பகலில் அந்தப் பெட்டி வந்தது. மூலைகள் நசுங்கி, மேலே ஏழெட்டு ஊர்களின் ஸ்டிக்கர். வாங்கியவர் பிரிக்கவே இல்லை. என் நானூற்றுப் பன்னிரண்டில் கடைசி. வேடிக்கையாக இருந்தது. டேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கினேன். உள்பக்கம் பென்சில் எழுத்து.

30, 24, 12. அதன் கீழே 1.73. அதன் கீழே, ஒன்றுக்கு 102 நஷ்டம். அதற்கும் கீழே அவருடைய சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'முதல்ல போன இருபதுக்கும் இன்னைக்குப் பிடிச்சுட்டாங்க. வியாழன் சாயங்காலம். இன்னைக்கு விட்டா விலையை மாத்த முடியாது. தம்பிகிட்டச் சொல்லணும். சொன்னா வேலை போயிரும். சொல்லாட்டி மிஷின் போயிரும்.' கடைசியாக, அழுத்தி எழுதிய ஒரு வரி: 'நாளைக்குக் காலையில கட்டாயம் சொல்லிரணும்.'

மைசூர்பா கொடுத்த காலை என் கண் முன்னால் வந்தது. மார்போடு பிடித்துக்கொண்டு அவர் வந்து நின்ற அட்டை இதுதான். பேசினால் வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் பேசவில்லை. அட்டையைக் காட்டலாம் என்று வந்திருக்கிறார். நான் இனிப்பை நீட்டினேன். அவர் மேசையில் கொண்டுபோய் வைத்த அட்டையை, முகேஷ் நல்ல அட்டை என்று எடுத்துப் பெட்டியாக மடித்து அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் பயந்துகொண்டிருந்தது இந்த மூடிக்காக. தெரிந்தும் சொல்லவில்லை என்று நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று, ஒவ்வொரு மூடியாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். மிஷின்களைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகும் என்னைக் கண்டு பயந்திருக்கிறார்.

போன் போட்டேன்.

"அக்கா, அந்தப் பொட்டி வந்துருச்சுங்க."

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் கை எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"உள்ள ஏதும் பாத்தீங்களா தம்பி?"

மூடி என் மடியில் இருந்தது. என் மேல்தான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எத்தனையோ நாளாக வாய்ப்பு இருந்தது, அன்றைக்கும் இருந்தது.

"இல்லீங்க்கா. நீங்க சொன்ன மாதிரியே, துணிய எடுத்துட்டுப் பொட்டிய அப்புடியே பழைய அட்டைல போட்டுட்டனுங்க."

ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்குப் பிறகு, இரண்டரை வருடம் நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அக்கா சிரித்தார். சின்னப் பெண் மாதிரி, மூக்கு வழியாகச் சிரித்தார்.

"அப்பக் கணக்கு முடிஞ்சுதுங்க தம்பி" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். நாலு டெய்லர்களும் முகேஷும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததும் ஐந்து பேரும் சட்டென்று குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். இவர்களில் யார் என்னிடம் எதைச் சொல்லப் பயந்து வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தபோது, என் வலது கை நெஞ்சில் இருந்தது.